இரண்டு நாளைக்கு மட்டும் நிரம்பும் அலுமாரி

தம்பி,

நீ அனுப்பிய குரல் பதிவை நேற்று மூன்று முறை கேட்டேன். முதல் முறை உன் குரலைக் கேட்கிற சந்தோஷத்தில் கேட்டேன். இரண்டாம் முறை, நீ சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று பார்க்கக் கேட்டேன். மூன்றாம் முறை கேட்டது கோபத்தில். பதிலுக்கு நானும் போனில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நடுவில் இருமல் வரும், உன் அம்மாவும் வந்து "பிள்ளைய ஏங்க திட்டுறீங்க" என்று போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ உன் அலுவலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம். காட்ட வேண்டும் என்றே எழுதுகிறேன். உன் மேலதிகாரிகளுக்குத் தமிழ் தெரியாதென்றால் நீயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு.

நீ கேட்டது இதுதான். ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் ஒரு நிதியத்துக்குப் புரவலராக இருக்கும் வெளிநாட்டு இளவரசர் ஒருவர் அடுத்த மாதம் இங்கே வருகிறார். உன் மருந்துக் கம்பெனியும் அந்த நிதியமும் சேர்ந்து நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் கட்டிய புது வார்டைத் திறந்துவைக்கப் போகிறார். ஏற்பாடெல்லாம் உன் பொறுப்பு. பல வருஷத்துக்கு முன் அவருடைய அம்மா, அந்த இளவரசி, நான் மருந்து கொடுத்த தோட்டத்து டிஸ்பென்சரிக்கு வந்தபோது எடுத்த படம் நம் வீட்டுச் சுவரில் தொங்குகிறதே, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நான் வாசலில் நிற்க வேண்டும். "நல்ல கதைப்பா. அன்னைக்கு அம்மா வந்தாங்க, இன்னைக்கு மகன் வர்றாரு. பேப்பர்லயெல்லாம் போடுவாங்க" என்றாய். அதோடு விட்டாயா? "நம்ம அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. எங்க மாத்திரைய சாப்பிட்டு நல்லாருக்கிற ஆளுன்னு இளவரசர்கிட்ட காட்டலாம்" என்றாய். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "புது வார்டு மருந்து அலுமாரிய பத்தி கவலப்படாதீங்க. எங்க ஆக்களே கொழும்புலருந்து கொண்டாந்து அடுக்கிருவாங்க. ரெண்டு நாளைக்குத்தானே. இந்த வித்தையெல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதானேப்பா." அந்தச் சிரிப்புதான் என்னைக் குத்தியது. நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அந்த வித்தையை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

அந்தக் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஹட்டன் பள்ளிக்கூடத்திலிருந்து நீ லீவுக்கு வரும்போதெல்லாம் சொன்னேன். உன் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர்களான எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் யாராவது பார்வையிட வருகிறார்கள் என்று தெரிந்தால், பக்கத்துத் தோட்டங்களுக்குச் சொல்லி அனுப்புவோம். அவர்களிடம் இருக்கும் மருந்து கைமாற்றாக நம்மிடம் வந்துவிடும். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியிலேயே பெட்டி பெட்டியாக வரும். வந்தவர்கள் நிறைந்த அலுமாரியைப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அதே லொறியில் பெட்டிகள் திரும்பிப் போகும். அடுத்த தோட்டத்துக்கு ஆள் வரும்போது நம் மருந்து அங்கே போகும். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் திட்டு இல்லை, எங்களுக்கும் திட்டு இல்லை. இதை நாங்கள் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தோம். ஒரே மருந்தை நாலு தோட்டத்தில் காட்டினால் நாலு தோட்டத்திலும் மருந்து இருப்பதாகக் கொழும்பு எழுதிக்கொள்ளும், பிறகு ஒருவருக்கும் கூடுதலாக வராது என்கிற சின்னக் கணக்குக்கூட எங்கள் மண்டையில் ஏறவில்லை.

இளவரசி வந்த அன்றும் அதைத்தான் செய்தேன். ஒரு வாரமாகப் பெரிய துரை வெள்ளையடிக்க வைத்தார், பாதை ஓரத்துப் புல்லை வெட்ட வைத்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என் டிஸ்பென்சர் நண்பன் நாலு பெட்டி மருந்து அனுப்பினான். அந்த அம்மா வந்தார். நான் நினைத்ததுபோல் பட்டும் கிரீடமும் இல்லை, சாதாரணச் சட்டைதான். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த கொழுந்துக்காரப் பெண் செல்லம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டார். நம் சுவரில் இருக்கும் படம் அதுதான். பிறகு உள்ளே வந்து அலுமாரியைப் பார்த்தார். என்னிடம் நேராக ஆங்கிலத்தில் கேட்டார், எந்த மருந்து இல்லாமல் நீங்கள் கஷ்டப்படுகிறீர்கள் என்று. எல்லாம் இருக்கிறது என்றேன். அவர் அலுமாரியை இன்னொரு தரம் பார்த்தார். அதில் தூசி இல்லை, திறந்த போத்தல் ஒன்றுகூட இல்லை. ஏதோ புரிந்திருக்க வேண்டும். நிச்சயமாகவா, எனக்கு உண்மையைச் சொல்லலாம் என்றார். பெரிய துரை என் பின்னால் நின்றார். அவர் முறைக்கவுமில்லை, கனைக்கவுமில்லை. முறைத்திருந்தாலாவது அவர் மேல் பழி போட்டிருப்பேன். நானாகவே இரண்டாம் தரமும் ஒன்றும் குறையில்லை என்றேன். அன்று மாலை உன் அம்மா கேட்டாள்: "அந்த அம்மா ரெண்டு தரம் கேட்டாங்களாமே. நீங்க ஏங்க வாயத் தொறக்கல?" அதெல்லாம் உனக்குப் புரியாது என்று அவள் வாயை அடைத்தேன். கொஞ்ச நாளில் அந்தப் படமும் ஒரு கடிதமும் வந்தன. உங்கள் டிஸ்பென்சரியில் குறையில்லை என்று அறிந்து மகிழ்ச்சி, ஆகவே உதவியை வேறு மாவட்டத்துக்கு அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தது. படத்துக்குச் சட்டம் போட்டேன். கடிதத்தை ஒருவருக்கும் காட்டவில்லை.

இதுவரைதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன், அதிலும் கடிதத்தை விட்டுவிட்டு. மிச்சத்தையும் இப்போது கேள். செல்லம்மாவுக்கு வலிப்பு உண்டு. மாதத்தில் பாதி நாள் என்னிடம் அவளுக்கு மாத்திரை இருக்காது. இளவரசி போன மறுநாள் காலையில், லொறி பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போன பிறகு, அவள் வந்து நின்றாள். மாத்திரை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றேன். "நேத்து அந்த அலுமாரியில அடுக்கியிருந்திச்சிங்களே ஐயா. எழுத்து தெரியாட்டியும் எனக்கு போத்தல் தெரியும்ங்க" என்றாள். அது நம்முடையது இல்லை, வேறு தோட்டத்து மருந்து என்றேன். அவள் "அப்ப ராணியம்மாவுக்கு காட்டத்தான் வந்துச்சிங்களா" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்த வாரமே வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தாள். வலது கை வெந்துபோனது. இரண்டு மாதம் நான்தான் மருந்து கட்டினேன். விரல்கள் ஒட்டிக்கொண்டன, கொழுந்து கிள்ள முடியாமல் போனது, தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிட்டார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்கும். அவள் செய்தது என்ன தெரியுமா? ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கையை நீட்டி, "இந்தக் கையத்தான் ராணியம்மா புடிச்சாங்க" என்று பெருமையாகச் சொன்னாள். இந்தப் படத்தைத்தான் நான் வாசலில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறாய்.

அரச குடும்பத்தை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதே. வெறுத்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. உன் தாத்தாவின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் கலண்டரிலிருந்து வெட்டிய வெள்ளைக்கார ராணி படம் ஒன்று இருந்தது. அவருக்கு இந்தியக் குடியுரிமைக் காகிதமும் இல்லை, இலங்கைக் காகிதமும் இல்லை. எந்த நாடும் என் பிள்ளை என்று சொல்லாத காலம் அது. "நம்ம துரைக்கெல்லாம் பெரிய துரை இவங்க. இவங்களுக்கு மட்டும் நம்ம கஷ்டம் தெரிஞ்சா விடமாட்டாங்க" என்பார். எனக்கு வயது வந்த பிறகு அதைக் கேட்டு அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். நம்மை இங்கே கொண்டுவந்து போட்டவர்களே அவர்கள்தானே என்று கத்தியிருக்கிறேன். இருந்தும் செல்லம்மாவின் பக்கத்தில் இளவரசி உட்கார்ந்தபோது என் கண் கலங்கியது உண்மை. நாற்பது வருஷத்தில் எங்கள் தோட்டக் கம்பெனி டைரக்டர் ஒருவர்கூட அந்த வாங்கில் உட்கார்ந்ததில்லை. நம்மை ஒரு பெரிய மனுஷி தொட்டாள் என்று அந்த லயத்துப் பெண்கள் மாதக்கணக்கில் பேசினார்கள். அதற்கும் ஒரு பெறுமதி உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீ போன தடவை வந்தபோது இந்த அரச குடும்பங்களைப் பற்றி நாம் வாதாடினோம். "அவங்களுக்கு இப்ப அதிகாரம் ஒண்ணும் இல்லப்பா. சும்மா கைகுலுக்கிட்டு ரிப்பன் வெட்டுவாங்க. அவங்களப் போட்டு சங்கடப்படுத்தினா அடுத்த தடவ வரவே மாட்டாங்க" என்றாய். சரி, அதிகாரம் இல்லை. ஆனால் அதிகாரம் போன ராஜாவுக்கு மிச்சம் இருக்கும் வேலை என்ன? போய்ப் பார்ப்பதும், கேட்பதும், கேட்டதை நாலு பெரிய இடத்தில் சொல்வதும்தானே. அவர் சொன்னால் உன் கம்பெனியின் பெரிய தலைகள் எழுந்து நின்று கேட்பார்கள், செல்லம்மா சொன்னால் கேட்பார்களா? அந்த அம்மா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டார். கெடுத்தது நான். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்து, அவர் வந்த வேலையையே நடக்கவிடாமல் செய்துவிட்டேன். இப்போது நீயும் அந்தப் பையனுக்கு அதையேதான் செய்யப் போகிறாய். இவ்வளவு தூரம் விமானம் ஏறி வருகிறவருக்கு நிரம்பிய அலுமாரியைக் காட்டுவதற்கு, அவர் வீட்டு அலுமாரியையே பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாமே!

இனி விலையைப் பற்றிப் பேசுவோம். உன் அம்மாவின் இரத்த நோய்க்கான மாத்திரையைச் செய்யும் உரிமை உன் கம்பெனிக்கு மட்டும்தான். ஏழை நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். அந்த நாடுகளுக்கு அதே மாத்திரையை மலிவாகக் கொடுக்கிறீர்கள். நம் நாடு அந்தப் பட்டியலில் இல்லை. "நாம நடுத்தர வருமான நாடுப்பா, அதான் பிரச்சினை" என்று நீ விளக்கியபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தேன், நினைவிருக்கிறதா? கொழும்பில் கடல் தெரியும் மாடியில் இருப்பவனையும் மஸ்கெலியாவில் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவளையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, இருவரும் நடுத்தரம் என்கிறீர்கள். ஹட்டனில் பார்மசி வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் இந்த மாத்திரையைக் கேட்டுப் பார்த்தேன். "நான் இத கடையில வைக்கிறதே இல்ல ஐயா. கொழும்புலருந்து எடுத்துத் தரலாம். ஆனா விலையக் கேட்டுட்டு ஆக்கள் என் முன்னாலயே அழுறாங்க, அதப் பார்க்க எனக்கு ஏலாது" என்றார். உனக்கு ஊழியர் விலையில் கிடைக்கிறது, மாதாமாதம் அனுப்புகிறாய். அதனால் அம்மா உயிரோடு இருக்கிறாள் என்பதை நான் மறக்கவில்லை. உன்னைப் பெற்றதற்காக அந்த ஒரு விஷயத்தில் தினமும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் ஊழியர்களின் அம்மாக்களுக்கு மட்டும்தானா அந்த நோய் வருகிறது?

விலையைக் குறைக்கலாமா என்று உன் கம்பெனி யோசிக்கிறது, இளவரசர் வந்துபோன பிறகு மலைநாட்டு நிலைமை பற்றிய அறிக்கையை நீதான் எழுத வேண்டும் என்றும் சொன்னாய். அதனால்தான் இவ்வளவு தூரம் கத்துகிறேன். நிரம்பிய அலுமாரியும், நன்றாக இருக்கும் நோயாளி என்று உன் அம்மாவும் அந்த அறிக்கையில் படமாக வந்தால், இங்கே விலை ஒரு பிரச்சினையே இல்லை என்று யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து முடிவெடுப்பான். அந்த விலையைப் போடுகிறவனை நாம் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவனுக்குப் பதிலாக, விலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வந்து நம் கையைப் பிடித்துக்கொள்வார். நாமும் அவர் கையைத் தொட்ட சந்தோஷத்தில் விலையைக் கேட்க மறந்துவிடுவோம். இது எனக்கு ஒருமுறை நடந்துவிட்டது. படித்த நீயும் அதில் போய் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

நீ அம்மாவைக் கூட்டிவரச் சொன்னாய் அல்லவா, அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன். போனில் உன்னிடம் "எனக்கென்னப்பா, ஜம்முனு இருக்கேன்" என்பாள். போன வாரம் வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தேன். கத்தியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. வேறு யாராவது மாவு என்று நினைத்திருப்பார்கள். மாத்திரை உடைத்த தூளை எனக்குத் தெரியாதா? கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொன்னாள். கிளினிக்குக்குப் போகும் பஸ்ஸில் சரோஜா என்றொரு பெண்ணைச் சந்தித்திருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள், அதே நோய், அதே மாத்திரை. ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் துண்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாக உன் அம்மா தன் மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியை அவளுக்குக் கொடுக்கிறாள். நான் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "அவளுக்கு யாருங்க இருக்கா? நம்ம பிள்ளையாவது கம்பெனியில இருக்கான். ஆளுக்குப் பாதின்னா ரெண்டு பேரும் இருப்போம்ல" என்றாள். வாழ்நாளெல்லாம், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளுக்குப் பால்மாவைப் பங்கு போட்டவள். மருந்தையும் அப்படிப் பங்கு போடலாம் என்று நினைத்துவிட்டாள்.

அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவு திங்கட்கிழமை வந்தது. நன்றாக இல்லை. சரோஜாவுடையதும் நன்றாக இல்லை. நோய் மாத்திரைக்குப் பழகிவிடும், பிறகு முழு மாத்திரை போட்டாலும் கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கே தெரிந்த விஷயம்தான். பாதி பாதியாகக் கொடுத்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள் என்பதை அவளிடம் சொல்ல மூன்று நாளாக வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். சொன்னால், நிறுத்தச் சொல்கிறேன் என்று அர்த்தம். நிறுத்தினால் சரோஜா சாவாள், அது உன் அம்மாவுக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் எங்கும் நிற்க மாட்டேன். கொழும்பிலிருந்து மருந்துப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஆட்களை அனுப்பாதே. அவர்களுக்கு முன்னால் நீ வா. இந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வா. அம்மா சரோஜாவைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் அடுப்படியில் இருப்பார்கள். அந்த மாத்திரையின் விலை எதற்காக அப்படி இருக்கிறது என்று தெரிந்தவன் இந்தக் குடும்பத்தில் நீ ஒருவன்தான். நீ அவர்கள் எதிரில் உட்கார்ந்து, சரோஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அம்மா, இனி இவங்களுக்குக் கொடுக்காதீங்க" என்று சொல். உன்னால் அதைச் சொல்ல முடிந்தால் அலுமாரியை எப்படி வேண்டுமானாலும் நிரப்பிக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். சொல்ல முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதை அந்த அறிக்கையில் எழுது.

அப்பா